கொழுக்கியைப் பாத்திட்டு கேற்றைக் குடுங்கோ: கோண்டாவில் பக்கம் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறை

கனநாளா எழுதோணும் எண்டு வச்சிருந்த றிவியூ இது. அப்பாவின்ர பழைய றலி சைக்கிளை பவுடர் கோட்டிங் (பெயின்ற்றுக்குப் பதிலா தூளை ஒட்ட வச்சு அடுப்பில சுட்டு இறுக்கிற பூச்சு) செய்விச்சு அஞ்சு மாசம் ஆகுது, வெயிலும் பாத்திட்டுது மழையும் பாத்திட்டுது, இனி எழுதினாப் பிழையில்லை. பட்டறையின்ர பேரை இப்ப போடமாட்டன், காரணம் கடைசியில வரும், கோவிக்காதேங்கோ. கோண்டாவிலுக்கும் இணுவிலுக்கும் நடுவில ஒரு ஒழுங்கைக்குள்ள இருக்கு, போர்ட் எண்டு சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லை, கொம்பிரசர் சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு போனா வாசலுக்குப் போய்ச் சேரலாம்.

முதல் ஒரு பழைய கதை சொன்னாத்தான் இது விளங்கும். எங்கட வீடு கொழும்புத்துறையில. சோளகம் தொடங்கினா கடல் காத்து நேரா வந்து கேற்றிலதான் முட்டும், கொடியில காயப்போட்ட சீலையே பிசுபிசுக்கும், இரும்பு என்ன பாடு படும் எண்டு நினைச்சுப் பாருங்கோ. வருசா வருசம் அரத்தாள் தேய்ச்சு, பெயின்ற் அடிச்சு அலுத்துப்போய் ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஒரு இடத்தில (அதின்ர பேரும் வேண்டாம் ஊரும் வேண்டாம்) பவுடர் கோட்டிங் செய்யச் சொல்லிக் குடுத்தனான். திரும்பி வரேக்க கல்யாண வீட்டுக் கேற் மாதிரி மினுங்கிச்சு. எட்டு மாசத்தில மூலையளுக்குள்ள கறள். ஒரு வருசத்தில வெங்காயத் தோல் மாதிரி உரிய வெளிக்கிட்டுது. வெயில் படுற மேல்பக்கம் வெளிறி, கை வச்சா சோக்குத்தூள் மாதிரி வெள்ளையா ஒட்டுது. போய்க் கேட்டா, "அண்ணை உங்கட பக்கம் உப்புக் காத்து, நாங்கள் என்ன செய்யிறது" எண்டு கையை விரிச்சிட்டினம். உப்புக் காத்து எனக்கும் தெரியும், அதுக்குத்தானேப்பா உங்களிட்ட வந்தனான்!

அதோட பவுடர் கோட்டிங் எண்டாலே ஏமாத்து எண்டு முடிவு கட்டிப்போட்டன். அந்த முடிவு பிழை எண்டு காட்டினது இந்தப் பட்டறைதான், இன்னும் சரியாச் சொன்னா என்ர மகளும் இந்தப் பட்டறை அண்ணையும் சேந்து.

சைக்கிளைப் பற்றி ரெண்டு வரி. அப்பா எழுபதுகளில வாங்கின றலி. கறன்ற் இல்லாத காலத்தில, தொண்ணூறுகளில, இதின்ர டைனமோவைச் சுத்தித்தான் எங்கட வீட்டில செய்தி கேட்டது, பெடலைச் சுத்துறது என்ர வேலை, செய்தி வாசிக்கிறவர் முக்கியமான இடத்துக்கு வரேக்க எனக்குக் கை உளையும், சத்தம் இறங்கும், அப்பா ஏசுவார். 95 இடப்பெயர்வில நாவற்குழிப் பாலத்தால உருட்டிக்கொண்டு போனதும் இதைத்தான். இதுக்கு மேல எழுதினா றிவியூ வேற எங்கேயோ போயிடும், விடுவம்.

மகள் ஏ.எல் மற்ஸ். பவுடர் கோட்டிங் எண்டா என்ன எண்டு அவள் எங்கேயோ பாத்திட்டு வந்து, "அப்பா, இது நிலைமின்னியல், எங்களுக்குப் படிப்பிச்ச கூலோம் விதிதான், இதைப் போய் ஏமாத்து எண்டுறீங்கள்" எண்டாள். எனக்கு நிலைமின்னியல் எண்டா ஞாபகம் வாறது பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில அலுமாரிக்குள்ள பூட்டி வச்சிருந்த பொன்னிலை மின்காட்டியும், தலையில தேய்ச்ச சீப்பால கடுதாசித் துண்டு தூக்கினதும்தான். அதுவும் மாரியில தூக்காது, ஈரக் காத்தில மின்னேற்றம் நிக்காது, மாஸ்ரர் வெக்கப்பட்டு "பங்குனியில செய்து காட்டுறன்" எண்டுவார். சீப்பு இழுக்கிற இழுவையை நம்பி கேற்றுக்குப் பூச்சுப் பூசுறதோ எண்டு கேட்டன். "சும்மா வாங்கோ, போய்ப் பாப்பம்" எண்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பட்டறை அண்ணை கட்டாரில ஒரு அலுமினியத் தொழிற்சாலையில 11 வருசம் இதே வேலை செய்திட்டு வந்தவர். ஆள் கதை குறைவு. சைக்கிளைக் குடுத்தோன முதல் செய்த வேலை விலை சொன்னதில்லை, தட்டித் தட்டிப் பாத்தது. எங்கயாவது புட்டி அப்பி இருக்கோ எண்டு பாக்கிறாராம், ஏனெண்டா 200 பாகையில புட்டி நிக்காது. ஸ்ரிக்கர் எல்லாம் போகும், பிறகு அழக்கூடாது எண்டும் முதலே சொன்னார். முன்னுக்கு இருக்கிற றலிச் சின்னத்தை தானே மெல்லக் கழட்டி ஒரு கடுதாசி உறைக்குள்ள போட்டு என்ர கையில தந்தார். அந்த இடத்திலயே எனக்கு அரை மனம் வந்திட்டுது.

அடுத்தது நிறம். "றால் நம்பர் சொல்லுங்கோ" எண்டார். நான் திகைச்சுப்போனன், பாசையூர் சந்தை றால்தான் எனக்குத் தெரியும், அதுக்கு என்ன நம்பர்? பிறகுதான் விளங்கிச்சு, அது ஜேர்மன்காரர் 1927-ல தொடங்கின நிற அட்டவணை, ஒவ்வொரு நிறத்துக்கும் நாலு இலக்கம். அப்பாவின்ர சைக்கிள் கடும் பச்சை, பட்டியலில கிட்ட நிண்டது 6005. அதே பச்சை இல்லை, ஆனா ஒழுங்கையில நிண்டு பாக்கிற ஆக்களுக்குத் தெரியாது.

பூசிற அண்டைக்கு வந்து பாக்கலாமோ எண்டு கேட்டம், வரச்சொன்னார். கையில போன் எடுத்துக்கொண்டு அறைக்குள்ள வரக்கூடாது, சிகரெட் பழக்கம் இருந்தா ஒழுங்கைக்கு வெளியில போய்ப் பத்திட்டு வாங்கோ எண்டார். மா மாதிரி மெல்லிய தூள் காத்தில கனக்க நிண்டா ஒரு பொறி காணும், வெடிக்கும். அதாலதான் அறைக்குப் பின்னால பெரிய உறிஞ்சி ஒண்டு ஓடிக்கொண்டே இருக்குது.

இப்ப வேலையைச் சொல்லுறன். தூள் எண்டது பெயின்ற் மாதிரி ரின்னரில கரைச்சது இல்லை, நனைவே இல்லை. பிசினையும் நிறத்தையும் சேத்து அரைச்ச பிளாஸ்ரிக் மா. ஒரு துணிக்கை சராசரி 30, 40 மைக்ரோன், தலைமயிரின்ர தடிப்பில அரைவாசி எண்டு வையுங்கோ. அது ஒரு துவக்கு மாதிரிச் சாமானுக்குள்ளால காத்தோட வரும். துவக்கின்ர நுனியில ஒரு ஊசி, அந்த ஊசியில 80 ஆயிரம் வோல்ற்று. வீட்டுக் கறன்ற் 230. நான் ரெண்டடி பின்னால போனன். அண்ணை சிரிச்சார், "வோல்ற்று கூட, ஓட்டம் ஒண்டுமில்லை அண்ணை, மைக்ரோ அம்பியர்க் கணக்கு, பட்டா சுரீர் எண்டும் அவ்வளவுதான்" எண்டு. ஊசி நுனியில அவ்வளவு அழுத்தம் நிக்கேக்க சுத்தியிருக்கிற காத்தே உடைஞ்சு அயனாகுது, அதாவது மின்னேற்றம் உள்ள துணிக்கையாகுது, அந்த அயன் தூளில ஒட்டுது, ஒவ்வொரு துணிக்கையும் மறை ஏற்றத்தோட வெளிய வருது. எல்லாத்துக்கும் ஒரே ஏற்றம் எண்டபடியால் ஒண்டையொண்டு தள்ளும், கட்டிபடாது, புகை மாதிரி விரியும். சைக்கிள் பிறேம் கொழுக்கியில தொங்குது, கொழுக்கி கம்பியில, கம்பி நிலத்துக்கு. ஏற்றத்தோட தூள் கிட்ட வரேக்க பிறேமுக்குள்ள இருக்கிற இலத்திரன் விலகி ஓட, அந்த இடம் நேர் ஏற்றமாகி இழுக்குது.

இதெல்லாம் மகள் சொல்லித்தான் எழுதுறன், ஆனா கண்ணால கண்டதை நானே சொல்லலாம். அண்ணை பிறேமின்ர முன்பக்கம்தான் அடிச்சார். தூள் வளைஞ்சு போய் குழாயின்ர பின்பக்கத்திலயும் ஒட்டிச்சு! நான் குனிஞ்சு பாத்தன், பின்னுக்கும் பச்சை. பெயின்ற் ஸ்பிறேயில இது நடக்காது, முன்னுக்கு அடிச்சா முன்னுக்குத்தான். மின்விசை போற வழியைக் காட்டிற புலக்கோடு குழாயைச் சுத்தி வளைஞ்சு போகுது, தூள் அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கொண்டு போகுது எண்டு மகள் கையால வளைச்சு வளைச்சுக் காட்டினாள். புத்தகத்தில அம்புக்குறி போட்டுக் கீறின அந்தக் கோடுகள் பச்சை நிறத்தில எனக்கு முன்னால நிண்டது அண்டைக்குத்தான். நானும் ஏ.எல் படிச்சனான், ஒருத்தரும் எனக்கு இப்பிடிக் காட்டேல்ல.

கூலோம் எண்டவர் பிரெஞ்சு ஆமி எஞ்சினியர், மாட்டினீக் தீவில கோட்டை கட்டுவிச்ச மனுசன், 1785-ல மெல்லிய கம்பியில ஒரு தண்டைத் தொங்கவிட்டு அது எவ்வளவு முறுகுது எண்டு பாத்து இந்த விசையை அளந்தவர். தூரம் அரைவாசியானா விசை நாலு மடங்கு. அதாலதான் தூள் கிட்டப் போகப் போக விடாது எண்டாள் மகள். "பாரத்தை விட இது பெரிசோ" எண்டு அண்ணையின்ர உதவிக்கு நிக்கிற பெடியன் கேட்டான், நல்ல கேள்வி. ரெண்டு இலத்திரனை எடுத்தா, அதுகள் மின்னால தள்ளுப்படுற விசை ஈர்ப்பால இழுபடுறதை விட எத்தினை மடங்கு தெரியுமோ, 4 போட்டு பின்னால 42 சைபர். பெடியன் "பகிடி விடாதேங்கோ அக்கா" எண்டான். அவள் கணக்கு எழுதிக் காட்ட வெளிக்கிட்டாள், அண்ணை "பிள்ளை, உறிஞ்சி ஓடுது, கடுதாசி பறக்கும்" எண்டு நிப்பாட்டினார்.

இனி நான் எழுத வந்த முக்கிய விசயம். கொழுக்கி.

என்ர கேற் ஏன் நாசமாப் போச்சு எண்டு அண்ணையிட்ட போன் போட்டோ காட்டினன். கேற்றைப் பாக்காமலே, "அவையின்ர கொழுக்கியைப் பாத்தனீங்களோ" எண்டு கேட்டார். ஞாபகப்படுத்திப் பாத்தா, அங்க கொழுக்கியெல்லாம் கல்யாண வீட்டு வாழைக்குலைத் தண்டு மாதிரி மொத்தமா, பல நிறத்தில, பழைய தூள் அடுக்கடுக்காச் சுட்டு இறுகினது. அதுதான் விசயம். இறுகின தூள் ஒரு காவலி, மின்னைக் கடத்தாது. சாமானுக்கும் நிலத்துக்கும் நடுவில காவலி வந்தா புவித்தொடுப்பு இல்லை, வாற ஏற்றம் போக வழியில்லாமல் சாமானிலேயே நிண்டு, பின்னால வாற தூளைத் தள்ளும். தூள் பிடிக்காது, பிடிக்கிறதும் ஏனோ தானோ. இவர் ஒவ்வொரு நாளும் கொழுக்கியைச் சுட்டு, தேய்ச்சு, வெள்ளை இரும்பு தெரியிற மாதிரித்தான் மாட்டுறார். பின் வளவில செப்புக் கம்பி நிலத்துக்க இறங்கிற இடத்தை எங்களுக்குக் காட்டினார், ஆடி ஆவணியில மண் காஞ்சு போனா ஏர்த் பிடிக்காது எண்டு பின்னேரத்தில ஒரு வாளி தண்ணி ஊத்துறாராம், பூக்கண்டுக்கு ஊத்துற மாதிரி. அயலில ஆக்கள் இந்த மனுசன் கம்பிக்குத் தண்ணி ஊத்துது எண்டு பகிடி பண்ணுறவையாம்.

மூலையில கறள் வந்ததுக்குக் காரணம் வேற. குழியான மூலைக்குள்ள புலக்கோடு போகாது, விளிம்பிலதான் போய்க் குவியும், தூளும் அங்கதான் போகும். பரடே எண்டவர் உலோகக் கூட்டுக்குள்ள மின்புலம் இல்லை எண்டு 1836-ல காட்டினாரே, அதே சங்கதி. இந்த வேலை செய்யிறவை அந்தப் பேரையே வினைச்சொல் மாதிரிப் பாவிக்கினம், "இந்த மூலை பரடே அடிக்குது" எண்டு! பெரிய விஞ்ஞானி ஒராளுக்கு இணுவில் ஒழுங்கையில இப்பிடியொரு மரியாதை. மூலைக்கு என்ன செய்யோணும் எண்டா வோல்ற்றைக் கூட்டுறதில்லை, குறைக்கோணும், காத்தையும் குறைச்சு, முதல் மூலையளை அடிச்சிட்டுப் பிறகு வெளிப்பக்கம் வரோணும். அவசரப்படுற ஆக்கள் வோல்ற்றைக் கூட்டிப்போட்டு வெளிப்பக்கத்தை மெத்தையாக்கி விடுவினம், அது கூடத் தடிச்சா ஏற்றம் கூடிப்போய்த் தூளே தூளைத் தள்ளி, சுட்டாப் பிறகு தோடம்பழத் தோல் மாதிரி குழிகுழியா வரும். சாதாரணமா 60, 80 மைக்ரோன் காணும். இவரிட்ட அதை அளக்கிற கருவி இருக்கு, சட்டைப் பையில பேனை மாதிரி வச்சிருக்கிறார்.

மேல்பக்கம் வெளிறினது? எப்பொக்சித் தூள். அது உள்ளுக்க இருக்கிற சாமானுக்கு நல்லது, வெயிலுக்கு ஆகாது, சோக்குப் பிடிக்கும். வெளியில நிக்கிறதுக்கு பொலியெஸ்ரர் கேளுங்கோ, கேட்டுப் பில்லில எழுதுவியுங்கோ.

உரிஞ்சதுக்குக் காரணம் தூளே இல்லை, அதுக்கு முந்தின வேலை. அண்ணை சொன்னதில எனக்குப் பிடிச்ச கதை இது: மின் விசை தூளைப் பிடிச்சு வச்சிருக்கிறது அடுப்புக்குள்ள போகும் மட்டும்தான், அதுக்குப் பிறகு உருகி இறுகி ஒட்டுறது இரும்போட, இரும்பில எண்ணெயும் கறளும் இருந்தா அதுகளோட ஒட்டும், அதுகள் கழண்டா இதுவும் கழரும். அதால முதல் மண் ஊதி, அதாவது மண்ணைக் காத்தோட வேகமா அடிச்சு, பழைய பெயின்ற், கறள் எல்லாம் எடுத்து, பொஸ்பேற் தொட்டியில அமத்தி, காய வச்சு, அண்டைக்கே தூள் அடிக்கிறார். இரவு வச்சா விடியக் கறள் பூத்திடும், எங்கட ஊர்க் காத்து அப்பிடி. பிறகு அடுப்பு, 200 பாகை, இரும்பு அந்தச் சூட்டுக்கு வந்தாப் பிறகு 10 நிமிசம். "அடுப்பு சூடாகினா காணாது, சாமான் சூடாகோணும், புட்டுப்பானையில ஆவி வந்தாப் புட்டு அவிஞ்சிட்டுதோ" எண்டார். வெளிய எடுத்து ஆறினாப் பிறகு ஒரு துணியில ரின்னர் நனைச்சு அடிக்குழாயில தேய்ச்சுக் காட்டினார், நிறம் துணியில வரேல்ல. வந்தா அரைவேக்காடு.

அடுப்புக்குள்ள போக முந்தி ஒரு சின்னச் சம்பவம். மகள் விரலால மெல்லத் தொட்டிட்டாள், தொட்ட இடம் வழிச்சு வெள்ளை இரும்பு. அண்ணை ஏசேல்ல, காத்தடிச்சு அந்த இடத்தை ஊதிப்போட்டு திரும்ப அடிச்சார். பெயின்ற் எண்டா அரத்தாள் எடுத்து முதலில இருந்து தொடங்கோணும். கீழ கொட்டின தூளையும் கூட்டி அள்ளி அரிச்சு எடுக்கிறார், வீண்போறது குறைவு.

வரேக்க ஓட்டோவுக்குள்ள மகள் ஒரே கதை. கம்பஸ் பக்கம் நோட்ஸ் போட்டோகொப்பி எடுக்கிறம் எல்லோ, அந்த மெசினும் இதுவும் ஒரே குடும்பமாம். உருளையில ஏற்றம், வெளிச்சம் பட்ட இடத்தில ஏற்றம் போகும், எழுத்து இருக்கிற இடத்தில நிக்கும், அதில மைத்தூள் ஒட்டும், கடுதாசிக்கு மாறும், பிறகு சூடு. கொப்பி வெளிய வரேக்க பாண் மாதிரிச் சுடுறது அதாலதான். கார்ல்சன் எண்ட அமெரிக்கர் 1938 ஒக்ரோபர் 22 நியூயோர்க் அஸ்ரோறியாவில முதல் கொப்பி எடுக்கேக்க செய்தது என்ன தெரியுமோ, கந்தகம் பூசின நாகத் தகட்டை கைலேஞ்சியால தேய்ச்சது. நாங்கள் தலையில சீப்புத் தேய்ச்ச அதே வேலை. அதைக் கடைக்கு வாற மெசினாக்க 1959 ஆச்சு. கொரோனாவுக்குப் போட்ட அந்த என்95 மாஸ்க்கும் இதுதான், நாருக்குள்ள ஏற்றம் பூட்டி வச்சிருக்கு, தூசு அதில போய் ஒட்டும், நான் அந்த நேரம் காசு மிச்சம் பிடிக்கிறன் எண்டு சவுக்காரம் போட்டுத் தோய்ச்சுக் கொடியில போட்டனான், ஏற்றம் போயிருக்கும், சும்மா துணியைத்தான் கட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். அரத்தாளையும் விடேல்ல அவள், அந்த மணல் துணிக்கையள் குத்தி நிமிந்து நிக்கிறதே மின்புலத்தில தூக்கி ஒட்டுறதாலயாம். வருசா வருசம் கேற் தேய்ச்ச எனக்கு அது தெரியாது.

சரி, குறையளும் சொல்லோணும், இல்லாட்டி கமிஷன் வாங்கிட்டு எழுதுறன் எண்டுவியள்.

முதலாவது, நேரம். ஒரு கிழமை எண்டது மூண்டு கிழமை ஆச்சு. போன் எடுக்கமாட்டார், துவக்கோட நிக்கேக்க எடுக்கேலாது, அது விளங்குது, ஆனா பின்னேரமாவது ஒரு கோல் எடுக்கலாம் எல்லோ. கேட்டா "மழைக் குணம் அண்ணை, தூள் ஈரம் இழுத்துக் கட்டிபட்டிட்டுது" எண்டார். அது உண்மையாவும் இருக்கலாம், தூளை ஏசி போட்ட ஒரு சின்ன அறையிலதான் வச்சிருக்கிறார், ஆனா அதை முதலே சொல்லியிருக்கலாம்.

ரெண்டாவது, பெடல் அச்சு போற குழாயின்ர மரையை மூடி அடைக்க மறந்திட்டினம். தூள் மரைக்குள்ள போய் இறுகி, சைக்கிள் கடைக்காரர் கப்பைப் பூட்டேலாமல் என்னை ஏசி, திரும்பக் கொண்டுபோய், அண்ணை மரை வெட்டித் தந்தார், காசு எடுக்கேல்ல. பெடியன் மறந்திட்டான் எண்டு சொல்லாமல், "என்ர பிழை" எண்டு சொன்னது எனக்குப் பிடிச்சுது. நீங்கள் சைக்கிள் குடுக்கிறதெண்டா எந்த எந்த மரையை மூடோணும் எண்டு கையால காட்டிப்போட்டு வாங்கோ.

மூண்டாவது, அடுப்பு எட்டடி. அதை விட நீளமான சாமான் போகாது. கறுப்பும் வெள்ளையும் எப்பவும் இருக்கு, வேற நிறம் எண்டா நாலைஞ்சு பேரின்ர வேலை சேரும் மட்டும் காக்க வைப்பார், ஏனெண்டா நிறம் மாத்திறதுக்கு அறை முழுக்கக் கழுவித் துடைக்கோணும், மிச்சமிருந்த ஒரு துணிக்கை பறந்து வந்தாலும் வெள்ளையில பச்சைப் பொட்டு.

விலை: பிறேம், போக், ரெண்டு மட்காட், செயின் கவர், கரியர் எல்லாம் மண் ஊதி பூசினதுக்கு எனக்கு 14,500. மலிவில்லை. பெயின்ற் வாங்கி வீட்டில அடிச்சா இதில காவாசியில முடிஞ்சிருக்கும். ஆனா வீட்டில அடிச்சது ஒரு மாரியோட போயிடும் எண்டு எனக்கு 20 வருச அனுபவம் இருக்கு.

இப்ப அஞ்சு மாசம். சைக்கிளில நானே ஒவ்வொரு நாளும் கடலோரத்தால போய் வாறன், மழையில நனைய விட்டும் பாத்தன். கரியருக்குக் கீழ ஒரு இடத்தில கல்லுப் பட்டு நகத்தளவு உடைஞ்சிருக்கு, அதில மட்டும் கறள், அதைச் சுத்தி ஒரு நூலும் பரவேல்ல. மற்றது எல்லாம் அப்பிடியே. பக்கத்து வீட்டு ஐயா புதுச் சைக்கிளோ எண்டு கேட்டவர், பிறகு ஹான்டிலைப் பாத்திட்டு "இது உன்ர கொப்பரின்ர எல்லோ" எண்டு பெல்லை ரெண்டு தரம் அடிச்சுப் பாத்திட்டுப் போனார்.

நான் குடுக்கிறது 5-க்கு 4. போன் எடுத்தா நாலரை.

பேர் ஏன் போடேல்ல எண்டா, இதுதான் காரணம். உரிஞ்சு போன என்ர கேற்றை இப்ப அவரிட்டக் குடுத்திருக்கிறன். பழைய பூச்சுக்கு மேல பூசமாட்டன், முழுக்க எடுத்துப்போட்டுத்தான் எண்டு அடிச்சுச் சொல்லிட்டார், அதுக்கே ரெண்டு நாள் வேலை, எனக்கு முன்னால 11 வேலை நிக்குது. வீட்டுக்கு இப்ப ரெண்டு தகரத்தைக் கட்டி மறைச்சிருக்கு, இரவில தெரு நாய் வந்து விறாந்தையில படுக்குது. இதை வாசிச்சிட்டு நீங்கள் எல்லாரும் அங்க போய் நிண்டா என்ர கேற் தைப்பொங்கலுக்கும் வராது. கேற் வீட்டுக்கு வந்த அண்டைக்கு படத்தோட பேரையும் போடுறன். அதுக்கிடையில அவசரம் எண்டா உங்களுக்குக் கிட்ட இருக்கிற பட்டறைக்குப் போங்கோ, உள்ள போனோன நிறம் விலை கேக்க முந்தி அண்ணாந்து கொழுக்கியைப் பாருங்கோ.